இ.சி.ஜி. தாள் சொல்வதும் சொல்லாததும்

நெஞ்சுவலியோடு மருத்துவமனைக்கு வரும் ஒருவருக்கு முதலில் செய்யப்படும் சோதனைகளுள் முதன்மையானது, இ.சி.ஜி. எனப்படும் இதய மின்னலைப் பதிவு ஆகும். மாரடைப்பு என ஐயம் எழுந்தால், நோயாளி வந்து சேர்ந்த 10 நிமிடங்களுக்குள் அந்தப் பதிவை எடுத்து மருத்துவர் ஒருவர் பார்த்துவிட வேண்டும் என்பது பல நாடுகளிலும் பின்பற்றப்படும் மருத்துவ நெறி. ஊசி குத்தாமல், வலி தராமல், குறைந்த செலவில் சில நிமிடங்களில் முடிந்துவிடும் இச்சோதனையின் முடிவு, கட்டங்கள் அச்சிட்ட ஒரு தாளாக நோயாளியின் கைக்கே வந்துவிடுகிறது. ஆயினும் அதிலுள்ள ஏற்ற இறக்கங்கள் எதைக் குறிக்கின்றன என்பது பெரும்பாலோருக்குப் புரிவதில்லை. அந்தக் கோடுகள் காட்டுபவை அடிப்படையில் மூன்றே செய்திகள்தாம்: இதயத்தில் எழுந்த மின்னலை எவ்வளவு நேரம் நீடித்தது, எவ்வளவு வலிமையோடு இருந்தது, எந்தத் திசையில் சென்றது. இம்மூன்றையும் பிரித்தறியத் தெரிந்தால், அத்தாள் எவற்றைச் சொல்ல வல்லது, எவற்றைச் சொல்ல இயலாதது என்பதும் தெளிவாகிவிடும்.

மின்னலை செல்லும் வழி

இதயத் தசையணு ஓய்வில் இருக்கும்போது அதன் உட்புறம் வெளிப்புறத்தைக் காட்டிலும் ஏறத்தாழ 90 மில்லிவோல்ட் எதிர்மின் தன்மை கொண்டிருக்கும். தூண்டப்பட்டவுடன் சோடியம் அயனிகள் உள்ளே பாய்வதால் அந்நிலை தலைகீழாகிறது. இதைக் கிளர்வு எனலாம். பின்னர் பொட்டாசியம் அயனிகள் வெளியேற, அணு மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இதை மீட்சி எனலாம். கிளர்வு ஓர் அணுவிலிருந்து அடுத்த அணுவுக்குத் தாவிச் சென்று இதயம் முழுவதும் அலையாகப் பரவ, அதைத் தொடர்ந்தே தசை சுருங்கி இரத்தத்தை வெளியேற்றுகிறது.

இந்த அலையின் பிறப்பிடம், வலது மேலறையின் உச்சியில் பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தருகே உள்ள சைனஸ் கணு என்னும் சிறு திசுத் தொகுப்பு ஆகும். ஓய்வில் இருக்கும் வளர்ந்த ஒருவருக்கு இது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை தானாகவே மின் துடிப்பை எழுப்புகிறது. அத்துடிப்பு இரு மேலறைகளிலும் பரவிய பின், மேலறைகளையும் கீழறைகளையும் பிரிக்கும் நார்த்திசு மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், இடையிலுள்ள ஏ.வி. கணு என்னும் ஒரே வாயில் வழியாகவே கீழே இறங்க வேண்டியிருக்கிறது. அந்த வாயிலில் அலை நொடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நேரம் தாமதப்படுகிறது. மேலறைகள் சுருங்கித் தம்மிடமுள்ள இரத்தத்தைக் கீழறைகளுக்குள் தள்ளி முடிப்பதற்கு இத்தாமதம் இன்றியமையாதது. அதன்பின் ஹிஸ் கற்றை, அதன் வலது இடது கிளைகள், அவற்றின் நுனியில் வலைபோல் விரியும் பர்கின்ஜி இழைகள் ஆகியவற்றின் வழியே அலை மிக விரைவாகப் பாய்ந்து, இரு கீழறைகளையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சுருங்கச் செய்கிறது.

லைடன் நகரத்துக் கருவி

மனித இதயத்தின் மின்னலையை உடலைத் திறக்காமலேயே பதிவு செய்யலாம் என்பதை 1887இல் லண்டனின் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் பணியாற்றிய அகஸ்டஸ் வாலர் முதன்முதலாகக் காட்டினார். பாதரசம் நிரப்பிய நுண்குழாயைக் கொண்டு அவர் எடுத்த பதிவு மங்கலானது. மின்னலையின் விரைவுக்குப் பாதரசம் ஈடுகொடுக்கவில்லை. அக்காலத்தில் டச்சு ஆட்சியில் இருந்த ஜாவாத் தீவின் செமாராங் நகரில் 1860இல் பிறந்து, நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியராக விளங்கிய வில்லெம் ஐந்தோவன், அந்தக் குறையைக் கணக்கீட்டால் சரிசெய்து உண்மையான அலைவடிவத்தை வரைந்து காட்டினார். 1895இல் அவர் அலைகளுக்கு இட்ட பி, க்யூ, ஆர், எஸ், டி என்னும் எழுத்துப் பெயர்களே இன்றளவும் நிலைத்துள்ளன. சைனஸ் கணுவை ஆர்தர் கீத்தும் மார்ட்டின் ஃபிளாக்கும் கண்டறிந்தது 1907இல்தான் என்பதை நோக்கினால், அலை பிறக்கும் இடம் தெரிவதற்கு முன்பே அலையின் வடிவம் தாளில் ஏறிவிட்டது புலனாகும்.

கணக்கீட்டின் துணையின்றி நேரடியாகவே துல்லியமான பதிவைப் பெறுவதற்காக, வலிய காந்தத்தின் இரு முனைகளுக்கு இடையே வெள்ளி பூசிய மிக மெல்லிய குவார்ட்ஸ் இழை ஒன்றைக் கட்டி, மின்சாரம் பாயும்போது அந்த இழை அசைவதை ஒளியின் துணையால் படமாக்கும் கருவியை ஐந்தோவன் உருவாக்கினார். ஏறத்தாழ 270 கிலோ எடையுள்ள அக்கருவியை இயக்க ஐந்து பேர் தேவைப்பட்டனர். நோயாளி தம் இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களுக்குள் அமிழ்த்தி அமர்ந்திருப்பார். கருவியை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல இயலாததால், 1905இல் ஒன்றரை கிலோமீட்டர் நீளத் தொலைபேசிக் கம்பி வழியாக நோயாளியின் மின்னலையை ஆய்வகத்துக்கு வரவழைத்து அவர் பதிவு செய்தார். இப்பணிக்காக 1924இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பத்து மின்வாய்கள், பன்னிரண்டு பார்வைகள்

இன்றைய வழக்கமான இ.சி.ஜி.யில் கைகால்களில் நான்கும் மார்பில் ஆறுமாகப் பத்து மின்வாய்கள் பொருத்தப்படுகின்றன. ஆனால் தாளில் பன்னிரண்டு வரைகோடுகள் தோன்றுகின்றன. லீட் எனப்படும் இந்த ஒவ்வொரு வரைகோடும் ஒரு தனிப் பார்வைக் கோணம் என்று கொள்ள வேண்டும். வலது கைக்கும் இடது கைக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாட்டை லீட் 1 காட்டுகிறது. வலது கைக்கும் இடது காலுக்கும் இடையிலானதை லீட் 2 காட்டுகிறது. இடது கைக்கும் இடது காலுக்கும் இடையிலானதை லீட் 3 காட்டுகிறது. இம்மூன்றும் ஐந்தோவன் வகுத்தவை. வலது காலில் பொருத்தப்படும் மின்வாய், கருவிக்கு ஒப்புநிலையாக மட்டும் பயன்படுகிறது. கைகால் மின்வாய்களிலிருந்தே ஏ.வி.ஆர்., ஏ.வி.எல்., ஏ.வி.எஃப். என்னும் மேலும் மூன்று பார்வைகளைப் பெறும் முறையை இமானுவேல் கோல்ட்பெர்கர் 1942இல் அறிமுகப்படுத்தினார். வி1 முதல் வி6 வரையிலான ஆறு மார்புப் பார்வைகளுக்குரிய இடங்களை 1938இல் அமெரிக்க, பிரித்தானிய இதயநோய் அமைப்புகள் சேர்ந்து வரையறுத்தன.

இவற்றை வாசிப்பதற்கான அடிப்படை விதி ஒன்றே: கிளர்வலை ஒரு பார்வைக் கோணத்தை நோக்கி வந்தால் அங்கே கோடு மேல்நோக்கி எழும், அதைவிட்டு விலகிச் சென்றால் கீழ்நோக்கி இறங்கும். கீழை வீதியிலிருந்து தெற்கு வீதிக்குத் திரும்பும் தேர், எதிரே நிற்பவருக்கு நெருங்கி வருவதாகவும் பின்னால் நிற்பவருக்கு விலகிப் போவதாகவும் தோன்றுவதைப்போல, ஒரே இதயத் துடிப்பு பன்னிரண்டு இடங்களில் பன்னிரண்டு வடிவங்களாகத் தெரிகிறது. மின்னலையின் பொதுவான போக்கு வலப்புறத்து மேலிருந்து இடப்புறத்துக் கீழ்நோக்கியது என்பதால், லீட் 2இல் அலைகள் நிமிர்ந்தும், வலது தோளிலிருந்து நோக்கும் ஏ.வி.ஆர். பார்வையில் தலைகீழாகவும் இருப்பதே இயல்பு. ஏ.வி.ஆர்.இல் அலைகள் நிமிர்ந்தும் லீட் 1இல் கவிழ்ந்தும் காணப்பட்டால், நோயைத் தேடுவதற்கு முன், இரு கைகளின் கம்பிகள் இடம் மாறிப் பொருத்தப்பட்டனவா என்று பார்ப்பதே அனுபவமிக்க மருத்துவரின் வழக்கம்.

கட்டங்களின் கணக்கு

தாள் வழக்கமாக நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. ஆகவே கிடைமட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு கட்டம் 0.04 நொடியைக் குறிக்கும். ஐந்து சிறு கட்டங்கள் அடங்கிய பெரிய கட்டம் 0.2 நொடியைக் குறிக்கும். ஐந்து பெரிய கட்டங்கள் சேர்ந்தால் ஒரு நொடி. செங்குத்தில் 10 மில்லிமீட்டர் உயரம் ஒரு மில்லிவோல்ட். கோட்டின் தொடக்கத்திலோ முடிவிலோ காணப்படும் செவ்வக வடிவக் குறி 10 மில்லிமீட்டர் உயரம் இருக்கிறதா என்பதைப் பார்த்தே கருவி சரியான அளவில் வைக்கப்பட்டிருந்ததை உறுதி செய்கிறார்கள். அது பாதி உயரமாக இருந்தால் அலைகளும் பாதியாகவே தெரியும்.

இந்த அளவுகளிலிருந்து இதயத்துடிப்பின் வேகத்தை எளிதில் கணக்கிடலாம். அடுத்தடுத்த இரு துடிப்புகளில் உயர்ந்து தெரியும் ஆர் முனைகளுக்கு இடையே உள்ள பெரிய கட்டங்களின் எண்ணிக்கையால் 300ஐ வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்பது கிடைக்கும்: நான்கு கட்டங்கள் இருந்தால் 75, மூன்று இருந்தால் 100, ஆறு இருந்தால் 50. துடிப்பு சீராக இல்லாதவருக்கு இம்முறை பொருந்தாது என்பதால், 10 நொடிக்குரிய நீண்ட கோட்டில் உள்ள ஆர் முனைகளை எண்ணி ஆறால் பெருக்குகிறார்கள்.

ஒரு துடிப்பின் உறுப்புகள்

துடிப்பின் தொடக்கத்தில் காணப்படும் சிறிய, வளைந்த மேடு பி அலை. இது மேலறைகளின் கிளர்வைக் குறிக்கிறது. பி அலையின் தொடக்கத்திலிருந்து அடுத்த கூர்முனையின் தொடக்கம் வரையுள்ள நேரம் பி.ஆர். இடைவெளி எனப்படும். ஏ.வி. கணுவின் தாமதமும் இதில் அடங்குவதால், இது மூன்று முதல் ஐந்து சிறு கட்டங்களுக்குள், அதாவது 0.12 முதல் 0.20 நொடிக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு துடிப்பிலும் இது மாறாமல் நீண்டிருந்தால் முதல்நிலைக் கடத்தல் தடை. பி அலைகளுள் சில கூர்முனையின்றி நின்றுபோனால் இரண்டாம் நிலை. பி அலைகளும் கூர்முனைகளும் ஒன்றுக்கொன்று தொடர்பின்றித் தத்தம் வேகத்தில் ஓடினால் முழுமையான தடை. முழுமையான தடை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் பேஸ்மேக்கர் பொருத்த வேண்டியிருக்கும்.

அடுத்து உயர்ந்து தோன்றும் கூர்முனைத் தொகுதி க்யூ.ஆர்.எஸ்.; இது கீழறைகளின் கிளர்வு. கீழறைத் தசை பருமனானது என்பதால் முனை உயரமாகவும், பர்கின்ஜி இழைகளின் வழியே அலை விரைந்து பாய்வதால் முனை குறுகலாகவும் இருக்கும். இதன் அகலம் மூன்று சிறு கட்டங்களை எட்டினாலோ தாண்டினாலோ, அலை தன் விரைவுப் பாதையை விட்டுத் தசையின் வழியாக மெதுவாகப் பரவுகிறது என்று பொருள். வலது அல்லது இடது கிளையில் ஏற்படும் தடையும், கீழறையிலேயே பிறக்கும் துடிப்பும் இதற்குரிய காரணங்களுள் சில.

கூர்முனைக்குப் பின் வரும் சமதளக் கோடு எஸ்.டி. பகுதி, அதையடுத்து எழும் அகன்ற மேடு டி அலை, அதாவது கீழறைகளின் மீட்சி. மேலறைகளின் மீட்சியும் அதற்கு முன்பே நிகழ்கிறது; ஆனால் அது க்யூ.ஆர்.எஸ். தொகுதிக்குள் மறைந்துவிடுவதால் தனியே தெரிவதில்லை. டி அலை, இரத்தத்தில் உள்ள உப்புகளின் அளவுக்கு உடனே அசைந்து கொடுக்கும் தன்மையுடையது: சிறுநீரகம் செயலிழந்தவருக்குப் பொட்டாசியம் மிகும்போது அது கூடாரம்போல் கூராக உயரலாம், பொட்டாசியம் குறையும்போது தட்டையாகி, அதன் பின் யு என்னும் சிறு மேடு துலங்கலாம். க்யூ தொடங்கி டி முடியும் வரையிலான க்யூ.டி. இடைவெளி அளவுக்கு மேல் நீண்டால், உயிருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறு நேரக்கூடும். சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் மனநல மருந்துகளும் இதை நீட்டிக்கக்கூடியவை என்பதால், அவற்றைத் தொடங்குவதற்கு முன் மருத்துவர் இ.சி.ஜி. எடுக்கச் சொல்வதுண்டு.

துடிப்பின் ஒழுங்கும் கவனிக்க வேண்டியது. பி அலைகளே காணப்படாமல், அடிக்கோடு ஒழுங்கின்றி நடுங்க, கூர்முனைகள் எந்தச் சீருக்கும் உட்படாத இடைவெளிகளில் வருமானால், அது மேலறை நடுக்கம் எனப்படும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் ஆகும். மேலறைகள் முறையாகச் சுருங்காததால் அங்கே தேங்கும் இரத்தம் கட்டியாகி, மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கக்கூடும். எனவேதான் இத்தகையோரில் பலருக்கு இரத்தம் உறையாமைக்கான மருந்து தரப்படுகிறது.

மாரடைப்பின் தடயம்

மாரடைப்பை அறிவதில் எஸ்.டி. பகுதிக்கு முதன்மையான இடம் உண்டு. இதயத் தமனி ஒன்று முழுமையாக அடைபட்டால், இரத்தம் கிடைக்காத தசைக்கும் நலமான தசைக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு தோன்றி, அப்பகுதியை நோக்கும் பார்வைகளில் எஸ்.டி. பகுதி அடிக்கோட்டைவிட்டு மேலே எழுகிறது. எந்தெந்தப் பார்வைகளில் எழுந்துள்ளது என்பதைக் கொண்டு எந்தச் சுவர் பாதிக்கப்பட்டுள்ளது என்று சொல்லிவிடலாம்: வி1 முதல் வி4 வரை எழுந்தால் முன்சுவர், லீட் 1, ஏ.வி.எல்., வி5, வி6 ஆகியவற்றில் எழுந்தால் பக்கச்சுவர். லீட் 2, லீட் 3, ஏ.வி.எஃப். ஆகியவற்றில் எழுந்தால் அடிச்சுவர்.

அடிச்சுவர் மாரடைப்பின் தாளைச் சற்று நெருங்கிப் பார்த்தால் வாசிப்பின் நுட்பம் விளங்கும். காலின் திசையிலிருந்து நோக்கும் மூன்று பார்வைகளிலும் எஸ்.டி. எழுந்திருக்க, அவற்றுக்கு எதிர்ப்புறமாக இடது தோளிலிருந்து நோக்கும் ஏ.வி.எல்.இல் அது தாழ்ந்திருக்கும். ஒரே நிகழ்வை எதிரெதிர்க் கோணங்களில் பார்ப்பதன் விளைவு இது. இந்த எதிர்மாற்றம் காணப்படுவது நோய்க்கணிப்பை உறுதிப்படுத்துகிறது. லீட் 2ஐவிட லீட் 3இல் ஏற்றம் மிகுதியாக இருந்தால் அடைப்பு வலது இதயத் தமனியில் இருக்க வாய்ப்பு அதிகம். அத்தமனியே வலது கீழறைக்கும் இரத்தம் அளிப்பதால், மார்பின் வலப்புறத்திலும் மின்வாயைப் பொருத்தி மீண்டும் ஒரு பதிவு எடுக்கப்படுகிறது. வலது கீழறையும் பாதிக்கப்பட்டிருந்தால், நெஞ்சுவலிக்கு நாவடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை இரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடக்கூடும். ஆக, இரண்டு கோடுகளின் உயரத்தை ஒப்பிடுவது, எந்த மருந்தைத் தவிர்ப்பது என்னும் முடிவு வரை இட்டுச் செல்கிறது.

இத்தகைய தாளை விரைந்து வாசிக்கக்கூடிய ஒருவரிடம் சேர்ப்பதே சிகிச்சையின் முதற்படி என்பதைத் தமிழ்நாட்டில் நடந்த முயற்சி ஒன்று காட்டியது. சிறு மருத்துவமனைகளை ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து, இ.சி.ஜி.யை மின்னணு வழியில் அனுப்பி, நோயாளியை எங்கே கொண்டுசெல்வது, எந்தச் சிகிச்சை தருவது என்பதைத் தீர்மானிக்கும் அத்திட்டத்தின் ஆய்வு முடிவுகள் 2017இல் வெளியாயின. திட்டத்துக்குப் பின் ஆஞ்சியோகிராம் செய்யப்பட்டோரின் விகிதம் உயர்ந்து, ஓராண்டுக்குள் நேரும் இறப்பு விகிதம் குறைந்தது.

தாளுக்குத் தெரியாதவை

இ.சி.ஜி. பதிவு செய்வது மின்னலையை மட்டுமே. அதுவும் அந்தப் பத்து நொடிகளில் நிகழ்ந்ததை மட்டுமே. தமனியில் பாதி அடைப்பு இருந்தாலும், ஓய்வில் தசைக்குப் போதிய இரத்தம் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை கோடுகளில் மாற்றம் தோன்றாது. அதனால்தான் நடைபட்டையில் ஓடவைத்துப் பார்க்கும் டிரெட்மில் சோதனையும், தமனியை நேரடியாகக் காட்டும் ஆஞ்சியோகிராமும் தேவைப்படுகின்றன. இதயம் எவ்வளவு வலிமையாகச் சுருங்குகிறது, வால்வுகள் எப்படி இயங்குகின்றன என்பவற்றை எக்கோ சோதனையே காட்டும். எப்போதாவது வந்துபோகும் படபடப்பு, பத்து நொடிக்குள் அகப்படாமல் போகலாம் என்பதால், 24 மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை உடலில் அணிவிக்கிறார்கள். மாரடைப்பின் தொடக்கத்திலேயேகூட முதல் தாள் இயல்பாக இருக்கக்கூடும். ஆகவே நெஞ்சுவலி தொடரும் நோயாளிக்குச் சிறு இடைவெளிகளில் மீண்டும் மீண்டும் இ.சி.ஜி. எடுப்பதோடு, இரத்தத்தில் ட்ரோபோனின் என்னும் புரதத்தின் அளவையும் சோதிக்கிறார்கள். ‘இ.சி.ஜி. நார்மல்’ என்ற ஒரு சொல்லை நம்பி, தொடரும் நெஞ்சுவலியைப் பொருட்படுத்தாமல் வீடு திரும்புவது தவறு.

மறுபுறம், தாளில் தெரியும் மாற்றம் ஒவ்வொன்றும் நோயல்ல. நன்கு பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்களுக்குத் துடிப்பு 60க்குக் கீழே இருப்பதும், இளைஞர் சிலருக்கு எஸ்.டி. பகுதி சற்றே உயர்ந்திருப்பதும், குழந்தைகளுக்கு வி1 முதல் வி3 வரை டி அலை கவிழ்ந்திருப்பதும் இயல்பானவையே. குளிராலோ அச்சத்தாலோ உடல் நடுங்கினால், அந்த நடுக்கமும் கோட்டில் ஏறி மேலறை நடுக்கம்போலத் தோன்றக்கூடும். அருகிலுள்ள மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டமும் அடிக்கோட்டை ரம்பத்தின் பற்களைப்போல ஆக்கிவிடும். இவற்றையெல்லாம் பிரித்தறியும் திறன், தாளின் மேற்பகுதியில் கருவி தானே அச்சிட்டுத் தரும் முடிவுரைக்கு முழுமையாக வாய்ப்பதில்லை. அதில் ‘அப்நார்மல்’ என்று இருப்பதைக் கண்டு கலங்குவதும், ‘நார்மல்’ என்று இருப்பதைக் கண்டு நிம்மதி கொள்வதும் பொருத்தமானவை அல்ல. நோயாளியின் வயது, வலியின் தன்மை, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றோடு சேர்த்து மருத்துவர் வாசிக்கும்போதே அந்தத் தாள் முழுப் பொருள் தருகிறது.

ஒருவருடைய இப்போதைய தாளை ஒப்பிட மிகச் சிறந்த அளவுகோல், அவர் நலமாக இருந்தபோது எடுக்கப்பட்ட பழைய தாளே ஆகும். வி1இல் தெரியும் கிளைத் தடை பத்தாண்டுகளாக உள்ளதா, இன்று காலைதான் தோன்றியதா என்னும் கேள்விக்கு விடையளித்து, சிகிச்சையின் போக்கையே மாற்றிவிடக்கூடியது அது. வெப்பத்தால் அச்சாகும் தாள்களில் கோடுகள் சில ஆண்டுகளில் மங்கிவிடுவதால், அவற்றை நகலெடுத்தோ கைப்பேசியில் படமெடுத்தோ, தேதி தெரியும்படி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை மருத்துவரைக் காணச் செல்லும்போதும் உடன் எடுத்துச் செல்வது, இக்கோடுகளை வாசிக்கத் தெரியாதவரும் செய்யக்கூடிய பயனுள்ள செயல்.